புத்தகத்தில் பேச்சியம்மா சொன்னது

வவுனியாவில் ஆசியா உம்மா வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்த காலத்தில், பொழுது சாய்ந்தால் யூலிற்றா கைவேலையைப் போட்டுவிட்டு முன்னறைக்கு வந்துவிடுவாள். ஆசியா உம்மாவின் மகன் நிஸார் சவூதியிலிருந்து அனுப்பிய ரீவி அங்கேதான் இருந்தது. கரண்ட் நிற்காத நாட்களில் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் நாடகம் பார்க்கக் கூடிவிடுவார்கள். சண்டையால் முல்லைத்தீவுக் கரையை விட்டு இடம்பெயர்ந்து வந்த யூலிற்றாவுக்கு அந்த நேரம் மட்டுமே மனம் கொஞ்சம் ஆறும். அவள் புருசன் அனிஸ்ரன் கரையில் இருந்தவரை கடற்தொழில் செய்தவன். இங்கே அரிசி ஆலையில் மூட்டை சுமந்துவிட்டு வந்து வாசற்படியில் குந்தியிருந்து பார்ப்பான். மகள் பிரேமினி தாயோடு ஒட்டிக்கொண்டிருப்பாள்.

புதிதாக ஒரு நாடகம் தொடங்கியபோது, முதற் கிழமையிலேயே யூலிற்றாவுக்குக் கதை பிடிபட்டுவிட்டது. கலியாணத்துக்கு முன்னம் ஊர்க் கோயில் வாசிகசாலையில் எடுத்துப் படித்த, அட்டை கழன்ற புத்தகம் ஒன்றின் கதை அது. பேச்சியம்மா என்ற பெண்ணைப் பண்ணையார் மகன் பருத்திக்காட்டில் வைத்துக் கெடுத்துவிடுகிறான். ஊர் கூடி, அவனுக்கே அவளைக் கட்டிவைக்கத் தீர்மானிக்கிறது. பேச்சியம்மா கூட்டத்தின் நடுவே எழும்பி, "என்னைக் கேக்காமத் தொட்டவனுக்கு, என்னைக் கேக்காமலே குடுக்கிறீங்களே" என்று சொல்லிவிட்டு ஊரைவிட்டே போய்விடுவாள். யூலிற்றா அந்த இடத்துக்காகக் காத்திருந்தாள்.

பருத்திக்காடு முதலில் வந்தது. புத்தகத்தில் அது இரண்டு வரி. ரீவியில் மழை பெய்தது, பின்னால் பாட்டுப் போனது, பேச்சியம்மாவின் கிழிந்த சட்டையையே கமெரா சுற்றிச் சுற்றிக் காட்டியது. யூலிற்றா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அனிஸ்ரன் எழும்பிக் கிணற்றடிக்குப் போனான். வாளி விழுந்த சத்தம் கேட்டது. தண்ணீர் அள்ளிய சத்தம் கேட்கவில்லை.

அதன்பிறகு நாடகம் பண்ணையார் மகனுடைய கதையாகிப் போனது. அவன் அழுதான், காய்ச்சலில் கிடந்தான், பேச்சியம்மாவின் தகப்பனை வெள்ளத்தில் இருந்து காப்பாற்றினான். கடைசியில் ஊர் கூடியது. பேச்சியம்மா தலையைக் குனிந்தபடி நின்றாள். தாலி ஏறியதும் நிமிர்ந்து சிரித்தாள்.

பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். "எப்பிடியோ தாலியைக் கட்டிப்போட்டான். அந்தளவுக்கு அவன் மனிசன்தான்" என்றாள் பக்கத்து வீட்டுக் கமலேஸ்வரி.

"அவா ஓம் எண்டு சொல்லவேயில்லையே" என்றாள் பிரேமினி.

கமலேஸ்வரி சிரித்தாள். "பொம்பிளைப்பிள்ளை வாய் திறந்து சொல்லுமே? பேசாமல் நிண்டால் சம்மதம்தான்."

பாக்குவெட்டியோடு இருந்த ஆசியா உம்மா கையை நிறுத்தினா. "என்னட்டயும் நிக்காஹ்வுக்கு முந்தி வாப்பா வந்து கேட்டவர். நான் பேசல்ல. புள்ளைக்குச் சம்மதம் எண்டு போய்ச் சொல்லிட்டார். விருப்பத்தில பேசாம இருந்தனா, பயத்தில இருந்தனா எண்டு இண்டைவரைக்கும் ஒருத்தரும் கேக்கல்ல." குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பாக்கைச் சீவத் தொடங்கினா.

"புத்தகத்தில இப்பிடி இல்லை" என்றாள் யூலிற்றா. வாசற்படியில் அனிஸ்ரன் இருப்பது தெரிந்துதான் சொன்னாள். பேச்சியம்மா எழும்பியதையும் சொன்ன சொல்லையும் அப்படியே சொன்னாள்.

"அப்பிடி முடிச்சால் ஆர் இருந்து பாப்பினம்?" என்றாள் கமலேஸ்வரி.

பேச்சியம்மாவின் அந்தச் சொல்லை யூலிற்றா பத்தொன்பது வயதிலேயே பாடமாக்கி வைத்திருந்தாள். தமையனுடைய சிநேகிதன் அனிஸ்ரன், மீன் வாடிக் கொட்டிலுக்குள் அவளை மறித்த வருசம் அது. அழுதுகொண்டு ஓடிவந்ததைக் கரையே பார்த்தது. தகப்பன் பேதுரு பங்குச் சுவாமியிடம் ஓடினார். கோயில் பூசையில் அனிஸ்ரனுக்கும் அவளுக்கும் கலியாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று சுவாமி சொன்னபோது, இருந்த வாங்கின் விளிம்பைப் பிடித்தபடி அவள் எழும்பப் பார்த்தாள். முன் வாங்கில் தகப்பனின் தோள் குலுங்கியது. தடையைப் பெண்ணே சொல்லலாமோ என்றும் அவளுக்குத் தெரியவில்லை. சுவாமி அடுத்த பெயரை வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

அனிஸ்ரன் கெட்ட புருசனாக இருக்கவில்லை. குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. செல்லடிக்குள் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு காடு கடந்தவன். குறை சொன்னால் ஊர் அவளைத்தான் பேசும்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அவன் கதவடியில் வந்து நின்றான்.

"அந்தப் புத்தகத்தில, அவனுக்கு என்ன நடந்தது?"

"அதுக்குப் பிறகு அவனைப்பற்றி ஒண்டுமில்லை."

"நான் அப்பவே பாவசங்கீர்த்தனம் செய்தனான் யூலி. சுவாமி மன்னிப்புத் தந்தவர்."

"தந்திருப்பார். நீங்கள் அவரிட்டைத்தானே கேட்டனீங்கள்."

அவன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இருந்தான். "உன்னட்டை எப்பிடிக் கேக்கிறதெண்டு தெரியேல்ல. கட்டினாப் பிறகு எல்லாம் சரியெண்டு நினைச்சனான். இப்ப கேக்கிறன். என்னை மன்னிப்பியே?"

அவள் கத்தியைக் கழுவி வைத்தாள். இத்தனை வருசமும் காத்திருந்தது இதற்குத்தான் என்று எண்ணியிருந்தாள். கேட்டதும் வந்தது அழுகைதான், ஆறுதல் இல்லை. வாடியும் உப்பு மணமும், ஓடும்போது காலில் வெட்டிய சிப்பியும் நேற்று நடந்ததுபோல எழும்பி வந்தன.

"இல்லை" என்றாள். "இப்ப ஏலாது. நீங்கள் வெளிவிறாந்தையில படுங்கோ."

அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு போனான். கரையில் இருந்த தாய்வீட்டுக்குப் போகலாமென்றால் பாதை பூட்டு, ஆமியின் பாஸ் கிடையாது. ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கவேண்டியிருந்தது. அவள் சமைத்தாள், அவன் சாப்பிட்டுவிட்டு ஆலைக்குப் போனான். ஆசியா உம்மா ஒன்றும் விசாரிக்கவில்லை, பழைய நுளம்புவலை ஒன்றை எடுத்து விறாந்தையில் அவன் பாய்க்கு மேலே கட்டிவிட்டா.

மாரி தொடங்கித் தூவானம் அடித்தபோது பிரேமினி தாயிடம் வந்தாள். "அப்பா நனையிறார். உள்ளுக்குக் கூப்பிடுங்கோவன் அம்மா."

யூலிற்றா மகளின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கலைந்த பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள்.

"அப்பாவுக்குத் தூவானம் மறைச்சுக் கட்டப் படங்குச்சீலை குடுத்துவிடுறன் பிள்ளை. கூப்பிட மனம் வந்தால் கூப்பிடுவன். வராமலும் போகலாம்."

பிரேமினி படங்கை வாங்கிக்கொண்டு போனாள். யூலிற்றா அடுப்பில் கிடந்த ஈரவிறகை ஊதத் தொடங்கினாள்.