ஓட்டிப் பார்த்தபோது ஓடியது

1

ஜூன் 4, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில், கட்டிலை ஒட்டிய மேசைமேல் இருந்த கணினியின் சி டிரைவ் துடைக்கப்பட்டது.

நான் அங்கே இல்லை. மூன்று வாரம் கழித்து என் கணினியைப் பார்க்க வந்த மெக்கானிக், கொடுத்த டீயைத் தொடாமல், நான் கேட்காமலே இதைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் மேசைக்கடியில் குறிப்பு எடுத்தேன். அது வெட்கக்கேடு என்று தெரியும். குறிப்பைக் கிழித்துப் போடவும் இல்லை.

2

மெக்கானிக்கின் பட்டப்பெயர் ‘டி டிரைவ்’. கணினியின் வட்டு சி, டி என்று இரண்டு பகுதி. கணினி மந்தமானால் சி-யைத் துடைத்து, அதாவது முழுக்க அழித்து, சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றுவார்கள். அதில் நிறுவிய புரோகிராம்களும் அதோடு போய்விடும். சிலவற்றை விற்ற கம்பெனியே இப்போது இருக்காது, திரும்ப வாங்க முடியாது. அதனால் இவர் முன்கூட்டியே புரோகிராமை வேரோடு பிடுங்கி, அதற்கு வேண்டிய கோப்புகளை ஒரே ஃபோல்டரில் கட்டி, டி டிரைவில் வைத்துவிடுவார். ஃபோல்டருக்கு ‘மூட்டை’ என்று பெயர். சி எத்தனை முறை செத்துப் பிழைத்தாலும் புரோகிராம் மூட்டையிலிருந்து ஓடும்.

“வீடுதான் மாறுது. சட்டிபானை நம்ம கையில” என்பார்.

(இவரை அலட்சியக்காரராக எழுதிப் பார்த்தேன். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் அதுவரை பதினெட்டு வருடத்தில் ஒருவருடைய ஒரு கோப்பைக்கூடத் தொலைக்காத மனிதர் அவர். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.)

3

கணினி யாருடையது என்று சொல்ல வேண்டும்.

மொழி என்பது மனிதனுக்கு —

(வேண்டாம். இப்படித் தொடங்கிய எந்த வாக்கியமும் என் கையில் உருப்பட்டதில்லை.)

அவர் நில அளவையராக இருந்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு போய்விட்டது, கழுத்துக்குக் கீழே வலது கட்டைவிரல் மட்டும் அசையும். விரலுக்கடியில் ஒரு பொத்தான். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிரும். வேண்டிய வரிசை வரும்போது ஓர் அழுத்து, வேண்டிய எழுத்து வரும்போது இன்னோர் அழுத்து. எழுதியதைக் கணினி வாசிக்கும். ஒன்பது வருடத்தில் புரோகிராம் அவர் பேச்சைக் கற்றுக்கொண்டிருந்தது. ‘டீ’ என்று தொட்டால் போதும், “டீ ஆறிப்போச்சு, உன் சமையலும் அப்படித்தான்” என்று முழு வாக்கியமும் வந்து நிற்கும். கூட இருந்து பார்த்துக்கொள்வது தங்கை. அந்த வாக்கியத்தைத் தினம் இரண்டு தடவை கேட்பாள், இரண்டு தடவையும் பதில் கொடுப்பாள்.

4

இனி ஜூன் 4.

கணினி சில நாளாக அடிக்கடி பாதிப் பேச்சில் உறைந்து நின்றுகொண்டிருந்தது. மெக்கானிக் நுழைந்ததும் கட்டிலருகிலிருந்து கணினிக் குரல் வந்தது:

“டாக்டர் வந்தாச்சு. நகைநட்டெல்லாம் உள்ள எடுத்து வை.”

“உங்ககிட்ட இருக்கிறது வாய் ஒண்ணுதாண்ணே, அதைத்தான் எடுத்து வைக்கப் போறேன்.”

“தம்பி, அது ஒண்ணுதான் அவருக்கு. பாத்து” என்றாள் தங்கை.

“அக்கா, நான் எதையாவது தொலைச்சிருக்கேனா?”

மூட்டை கட்டி முடிக்க ஒன்றரை மணிநேரம். கட்டியதை டி-யிலிருந்து திறந்தார். திறந்தது. பொத்தானை நில அளவையரின் விரலுக்கடியில் வைத்தார்.

“நீங்களே ஓட்டிப் பாத்துச் சொல்லுங்கண்ணே.”

மூன்றே அழுத்து.

“நல்லாத்தான் பேசறேன். துடைச்சுத் தொலை.”

மூவரும் சிரித்தார்கள். மெக்கானிக் துடைத்தார்.

(இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். மூட்டையை வேறொரு கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மெக்கானிக் எல்லோருக்கும் சொல்வதும் அதுதான். அதே கணினியில் ஓட்டினால், மூட்டையில் விட்டுப்போனதை அது சத்தமில்லாமல் பழைய இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். புரோகிராம் மூட்டையில் இருந்தது. அது கற்றுக்கொண்ட வாக்கியங்கள் சி-யில் ஒரு மறைவான ஃபோல்டரில் இருந்தன. மெக்கானிக்கின் மடிக்கணினி நாற்காலிமேல் பைக்குள் கிடந்தது. “ஏன் எடுக்கலை?” என்று கேட்டேன். “அவர் பேசினாருங்க. காதால கேட்டேன். அப்புறம் என்ன சோதனை?” என்றார்.)

நாலரைக்குப் புது சிஸ்டம் எழுந்தது. மூட்டையிலிருந்து புரோகிராம் சொன்னபடி திறந்தது.

நில அளவையர் ‘டீ’ தொட்டார். ஒன்றும் வரவில்லை.

மறுபடி தொட்டார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்தார். பதினோரு நிமிடம் ஆயிற்று. கணினி வாசித்தது:

“எங்க போச்சு”

மெக்கானிக் டி-யைத் தேடினார், தன் பென்டிரைவைத் தேடினார், இல்லாத இடங்களிலும் தேடினார். கடைசியில் மண்டியிட்டு, கட்டிலின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்தார்.

“மறுபடி கத்துக்கும்ணே. பழகப் பழக வந்துடும்.”

“ஒம்போது வருஷம் ஆச்சு தம்பி, அது கத்துக்க” என்றாள் தங்கை. குரலை உயர்த்தவில்லை. “இவருக்கு இப்ப எழுபத்திநாலு.”

5

இந்தக் கதைக்குச் சில முடிவுகள்.

அ) அழிந்த கோப்புகளை மீட்கும் தொழில்காரர் ஒருவர் அந்த வாக்கியங்களை மீட்டுத் தருகிறார். இதை எழுதும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். அந்த வகை வட்டில் துடைத்தால் துடைத்ததுதான் என்றார்.

ஆ) தங்கைக்கு அந்த வாக்கியங்கள் மனப்பாடம். உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இது உண்மையில் நடந்தது. நாற்பத்தொரு வாக்கியம் ஏற்றினாள். அவர் ஒன்றைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. ஏன் என்று சொல்லவும் இல்லை. எழுத்தெழுத்தாகச் சொல்லியிருந்தால் அது அவருக்கு ஓர் அரைநாள் வேலை.

இ) அவர் மெக்கானிக்கை மன்னித்து ஒரு கேலி செய்கிறார். அந்தக் கேலியை நானே எழுதினேன், நன்றாகவும் வந்தது. ஆனால் அது என் பேச்சு. அவர் வாயில் அதை வைக்க எனக்கு என்ன உரிமை?

ஈ)

இந்த இடம் உங்களுக்கு. எழுதுவதென்றால் எழுதுங்கள். எழுதும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: அதன்பிறகு மெக்கானிக் இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போனார், கதவு திறந்தது, உட்காரச் சொன்னார்கள். ஜூன் 19 முதல் கணினி அணைத்தே கிடக்கிறது. தங்கை கேள்வி கேட்கிறாள். ஆம் என்றால் அவர் கண்ணை மூடுகிறார்.