ஏர் ஸ்க்ரூவில் அரைச் சுற்று

எபினேசர் தன் பைக்குக்குப் புது சைலன்சர் வாங்கி வந்தது மனைவி ஜெபராணிக்குப் பிடிக்கவில்லை.

பழைய சைலன்சர் துருப்பிடித்து, அடியில் ஓட்டை விழுந்திருந்தது. துடியலூர் மெயின் ரோட்டை விட்டு அவருடைய வண்டி இறக்கத்தில் திரும்பும்போதே தெருக்கோடி வீடு வரைக்கும் கேட்கும். தெருவே அந்தச் சத்தத்தைத் திட்டியது. ஜெபராணி மட்டும் திட்டவில்லை. அது கேட்டதும் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குள் நுழைந்துகொள்ள அவளுக்கு நேரம் கிடைத்தது.

போனில் பேசுவது மகள் ஜோவிதாவிடம். வீட்டில் சொல்லாமல் தமிழ்வேந்தனைக் கட்டிக்கொண்டு உடுமலைப்பேட்டைக்குப் போய்விட்டவள். எபினேசர் சர்ச் கமிட்டியில் இருக்கிற மனிதர். மகள் வேறு சாமி கும்பிடுகிற வீட்டுக்குப் போனதில் அவருக்குத் தலை குனிந்துபோயிற்று. அன்றைக்கே மனைவியிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"அவகிட்ட ஒரு வார்த்தை பேசுனீன்னு தெரிஞ்சுது, நீயும் அங்கயே போயிரு அம்மணி. இந்த ஊட்ல உனக்கு எடமில்லை."

குரலைக்கூட உயர்த்தவில்லை. பேரன் பிறந்த செய்தி ஊர் சுற்றி வந்தபோதும் பேப்பரை மடக்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். ஜெபராணி அந்தப் பேரனைத் தினமும் சாயங்காலம் போனில்தான் வளர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் வாசலில் சாக்கை விரித்துச் சைலன்சரை மாட்டினார். மெக்கானிக்கிடம் விடமாட்டார். பம்ப் கம்பெனியில் ஃபிட்டர். தன் வண்டியில் அடுத்தவன் கை படக்கூடாது. புது சைலன்சருக்கு ஏற்றபடி கார்புரேட்டரையும் சரிசெய்து வைக்க வேண்டும் என்றார். எப்போதும் போல ஜெபராணி ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் குந்தி உட்கார்ந்து, சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஏர் ஸ்க்ரூவைத் திருகுவதும் காதைக் கொடுத்துக் கேட்பதுமாக இருந்தார்.

"உள்ள திருகுனா காத்து கொறஞ்சு பெட்ரோல் சாஸ்தியாப் போகும். எரியாத மிச்சம் சைலன்சருக்குள்ள போயி வெடிக்கும், பாத்துக்க."

அவள் பார்த்துக்கொண்டாள். கடைசியில் வண்டி பூனை மாதிரி முனகியது. எப்படி என்று தலையைத் தூக்கிக் கேட்டார். சத்தமே இல்லைங்க என்றாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அவர் கேட்டைத் திறந்த பிறகுதான் வந்ததே அவளுக்குத் தெரிந்தது. போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அடுத்த நாள் காலையில் அவர் குளிக்கும்போது வாசலுக்குப் போய், ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே திருகினாள். அன்று திருப்பத்தில் அவர் ஆக்சிலேட்டரைத் தளர்த்தியதும் பட் பட்டென்று வெடித்தது. "வெக்கறேன் கண்ணு" என்று மகளிடம் சொல்லும்போது ஜெபராணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறுதோறும் அவர் சரிசெய்தார். திங்கள்தோறும் அவள் திருகினாள். இத்தனை வருஷம் பம்பு பூட்டிய கைக்கு ஒரு கார்புரேட்டர் பிடிபடவில்லையே என்று அவர் சோற்றைப் பிசைந்தபடி புலம்பும்போது அவளுக்குப் பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் விடவில்லை. காரமடை போய்வந்தால் டேங்க் வற்றிவிடுகிறது, வண்டி தண்ணீர் மாதிரிக் குடிக்கிறது என்றும் சொன்னார். அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கேதான் கோட்டைவிட்டாள்.

ஒரு சாயங்காலம் வீடியோ காலில் பேரன் போனைப் பிடிக்கத் தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். வெடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. வாசற்படியில் நிழல் விழுந்தது.

"எறக்கத்துல ஆஃப் பண்ணி உருட்டிட்டே வந்துபோட்டேன், பெட்ரோலாச்சும் மிச்சமாகட்டும்னு..."

பாதியில் நிறுத்தினார் எபினேசர். போனில் ஜோவிதாவின் முகம் வெளுத்தது. குழந்தை மட்டும் புது ஆளைப் பார்த்துக் கன்னம் குழியச் சிரித்தது. அவர் அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கையை நீட்டிப் போனை வாங்கி ஆஃப் செய்தார். வாசலில் நின்ற வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஸ்க்ரூவத் தொட்டது நீதானா?"

"ஆமாங்க."

"என்ர கைதான் போயிருச்சுன்னு நெனச்சுட்டிருந்தேன்."

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை, நிம்மதிதான் இருந்தது. கேட்பதற்கு எத்தனையோ இருக்க, அவருக்கு இது ஒன்றுதான் தோன்றியது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரோடு வாசலுக்குப் போனார்.

"வந்து ஆக்சிலேட்டரப் புடி."

போய்ப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் வண்டி முனகத் தொடங்கியது. அவர் முகம் தெளிந்தது. இனி இந்தப் போன் தன்னிடமே இருக்கட்டும் என்றார்.

ஜெபராணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பையோடு வெளியே வந்தாள்.

"எங்க?"

"நீங்க போகச் சொன்ன எடத்துக்குத்தானுங்க."

அவர் பழந்துணியால் ஸ்க்ரூடிரைவரைத் துடைக்க ஆரம்பித்தார்.

மேட்டில் ஏறிப் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றாள். பின்னாலேயே அவர் வந்தால்கூட இனி வண்டிச் சத்தம் கேட்காது. அதனால் திரும்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இறக்கம் காலியாகக் கிடந்தது. பஸ் வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.