ஏழு பாயிண்ட்டில் ஒரு பெயர்

கல்யாணப் பத்திரிகை அடிக்க யார் வந்தாலும் கடைசியில் அந்த எழுத்தில்தான் வந்து விழுவார்கள். மையில் தோய்த்த பேனா மூச்சு விடாமல் எழுதியது போல, சுழித்துச் சுழித்து வாலை நீட்டும் எழுத்து. அச்சகத்தில் அதற்கு மகாராணி என்று பெயர்.

"மகாராணிக்கு இடம் வேணும் சார்," என்பாள் கணினியில் பத்திரிகை கோக்கும் அவள். "பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு, அவ்வளவுதான். விலாசத்தையும் அவகிட்ட குடுத்தீங்கன்னா, வர்றவங்க பக்கத்துக் கல்யாணத்துல சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க."

பதினெட்டு பாயிண்ட் அளவுக்குக் கீழே அந்த எழுத்தை அவள் இறக்கியதே இல்லை.

கடைசித் தங்கையின் கல்யாணத்துக்கு அவளுடைய அண்ணன் எழுதி எடுத்து வந்த தாளில், அழைப்பவர்கள் வரிசையில் சித்தப்பாவின் மச்சான் வரை இருந்தார்கள். அவள் இல்லை.

"என் பேரு எங்கண்ணா?"

"நீ புருஷனை விட்டுட்டு வந்தது மாப்பிள்ளை வீட்டுக்கு அரசல்புரசலாத்தான் தெரியும். நாமளே அச்சடிச்சுக் குடுக்கணுமா?"

"அம்மா போனப்புறம் அவளை வளத்தது யாரு, அரசல்புரசலா? என் பேரு இல்லாம இது மிஷின் ஏறாது."

"ஊர்ல வேற பிரஸ்ஸே இல்லையா?"

"இருக்கு. நாளைக்கே குடுக்கற பிரஸ் இல்ல."

ஜவுளிக்கடைக்காரனான அண்ணன் திரையை உற்றுப் பார்த்தான். மூளை வேலை செய்தது.

"சரி, கடைசியில போடு. ஆனா அந்த மகாராணியில போடு. ஆறு பாயிண்ட்."

"ஆறா? எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். சாதா எழுத்துல போட்டுக்கறேனே."

"அது பளிச்சுன்னு தெரியும்."

"தெரியறதுக்குத்தானே பேரு?"

"போடச் சொன்ன, போடுன்னுட்டேன். தெரியணும்னு பேச்சே இல்லையே."

பன்னிரண்டு கேட்டாள். பத்துக்கு இறங்கினாள், எட்டுக்கு வந்தாள். ஆறிலேயே நின்ற அண்ணன், எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். ஏழில் படிந்தது. வியாபாரம் முடிந்த பழக்கத்தில் இருவரும் சிரித்துக்கூட வைத்தார்கள். இல்லாததற்கு இது மேல் என்று தனக்கே சொல்லிக்கொண்டு அச்சுக்கு அனுப்பினாள்.

முதல் கட்டுப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு இருவரும் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியை மாட்டி, மேலிருந்து கீழ்வரை ஒரு பெயர் விடாமல் படித்தாள். கடைசி வரியை விரலால் தடவினாள்.

"அடியில ஒரு பூக்கொடி ஓடுதே, என்னா நுணுக்கம்! யாரு போட்டது?"

"நம்ம பெரிய தங்கச்சிதாம்மா," என்று அண்ணன் முந்திக்கொண்டான். "இதெல்லாம் அவளுக்குக் கைவந்த கலை."

"இன்னும் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாமேம்மா. கண்ணுக்கு நெறைவா இருந்திருக்கும்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் காபியைப் பார்த்தான்.

"கேட்டுப் பாத்தேம்மா," என்றாள். "ஏழுக்கு மேல படியல."