கடைசிச் சால்வை

நான் துணைவேந்தராகப் பொறுப்பேற்ற அன்று, என் நாற்காலி அறையின் மறுகோடியில் இருந்தது. ஒவ்வொரு சால்வை விழும்போதும் அது ஓரடி பின்னால் போயிற்று. அறையும் அதற்கேற்ப நீண்டது. இது வழக்கம்தான் என்றார் பதிவாளர் எதிராஜ். சால்வை எல்லாம் முடிந்ததும் நாற்காலி தானே கிட்டே வந்துவிடுமாம்.

நான் விலங்கியல் வாத்தியார். பொறுமை உண்டு. நின்றேன்.

எல்லாச் சால்வைகளும் சிவப்பு. ஆசிரியர் சங்கம் போர்த்தியது. அதிலிருந்து பிரிந்த சங்கம் போர்த்தியது. பிரிந்ததிலிருந்து பிரிந்த சங்கத்தில் ஒரே ஒருவர்தான். அவரே போர்த்தி, அவரே கைதட்டிக்கொண்டார். புகைப்படக்காரர் காட்டிய பக்கமெல்லாம் பார்த்துச் சிரித்தேன். கழுத்தில் வேர்வை வழிந்தது.

வரிசையில் அடுத்து வந்த அம்மாளிடம் சால்வை இல்லை. தன் பெயர் நாகவேணி என்றார்.

“ஐயா, எம்மக கனிமலரு லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டா. காலையிலேர்ந்து தட்டிக்கிட்டே இருக்கா.”

காது கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டுவது கேட்டது. உடனே கதவைத் திறக்கச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை.

“உட்காராதவங்க உத்தரவு செல்லாது சார்” என்றார் எதிராஜ்.

“அப்ப உட்காருறேன்.”

“கடைசிச் சால்வை விழணுமே. மாணவர்கள் சார்பா ஒரு பொண்ணு கொண்டு வருது.”

“எங்க அந்தப் பொண்ணு?”

“லிஃப்ட்ல.”

காபி வந்துகொண்டிருக்கிறது என்பதுபோலச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். புகைப்படக்காரர் அதையும் எடுத்தார். எதிராஜ் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

நாற்காலியை நோக்கி ஓடினேன். அது என்னைவிட வேகமாகப் போனது. திரும்பி லிஃப்டுக்கு ஓடினேன். தோளில் கிடந்த சால்வைகள் காலைத் தடுக்கின. தாழ்வாரத்தில் இயற்பியல் துறை முடிந்ததும் மறுபடி இயற்பியல் துறையே வந்தது. வரிசை கலையாமல் பின்னாலேயே வந்தது. நாகவேணி மட்டும் எனக்கு முன்னால் ஓடினார்.

லிஃப்ட் கதவில் ஒரு விரல் அளவு இடுக்கு இருந்தது. வாயை வைத்து, நான்தான் புதுத் துணைவேந்தர் என்றேன். கதவை உள்ளிருந்து திறக்க முடியுமா என்று கேட்டேன்.

“முடியல சார். மூச்சு முட்டுது” என்றாள் கனிமலர்.

நான் கதவை இழுத்தேன். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். வரிசையில் நின்றவர்களைச் சேர்ந்து இழுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். உத்தரவா என்று கேட்டார்கள். இல்லை, கெஞ்சுகிறேன் என்றேன். அதற்கு விதியில் இடமில்லை என்றார்கள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கனிமலரிடம் சால்வையை இடுக்கு வழியாகத் தள்ளச் சொன்னேன். ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் தோளில் இருந்தால் போர்த்தியதாகக் கணக்கு என்று எதிராஜும் ஒப்புக்கொண்டார். தரையில் படுத்துக் கழுத்தைக் கதவோடு ஒட்டினேன். சிவப்பு முனை மெதுவாக வெளியே வந்தது. தோள்வரை எட்டவில்லை.

“இன்னும் கொஞ்சம் தள்ளும்மா.”

தட்டும் சத்தமும் நின்றிருந்தது. லேசாக இழுத்தேன். சால்வை தடையில்லாமல் முழுதும் வந்துவிட்டது. மறுமுனையை யாரும் பிடித்திருக்கவில்லை.

எதிராஜ் அதை எடுத்து உதறி என் தோளில் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். நாற்காலி தானாக வந்து என் பின்னால் நின்றது. உட்கார்ந்தேன். லிஃப்டைத் திறங்கள் என்று கத்தினேன்.

கேட்க ஆளில்லை. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நாகவேணி மட்டும் கதவில் கை வைத்தபடி நின்றார்.

“அவ குடுத்த சால்வையையாச்சும் எனக்குக் குடுங்க ஐயா.”

தோளில் கிடந்ததையெல்லாம் மடியில் குவித்தேன். ஒவ்வொன்றாக எடுத்து அவரிடம் காட்டினேன். எல்லாம் சிவப்பு. இதுவா என்று கேட்டேன். தெரியலையே என்றார். அடுத்ததை எடுத்தேன்.