என் எதிரில் நின்று பேசியவர்கள்

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் வேறொன்றைப் பேசுகிற சாமர்த்தியம் எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. தறிக்கொட்டகையில் என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் நான் பட்டாசுதான்.

அத்தனை விசைத்தறிகள் ஒரே கூரைக்குக் கீழே ஓடினால் பக்கத்தில் நிற்பவர் கத்துவதுகூடக் கேட்காது. அதனால் நாங்கள் கத்துவதே இல்லை. சத்தம் போடாமல் உதட்டை அகலமாக அசைப்போம், எதிரில் இருப்பவர் கண்ணால் கேட்டுக்கொள்வார். வாய்ப்பேச்சு என்போம் இதை. மாமியார் சண்டை, மாப்பிள்ளை பார்த்த கதை, மேஸ்திரியின் புது விக் எல்லாம் இப்படித்தான் கொட்டகையைச் சுற்றி வரும்.

என் தறிக்கு நேர் எதிரில் அண்ணி. அண்ணனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகிப் படுத்த நாளிலிருந்து அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன், சாப்பாடு கீழே அவர்களோடு. என் சம்பளம் மகளின் ஹாஸ்டலுக்கும் எனக்கும் சரியாகப் போய்விடும். அண்ணிக்கு வேலை போனால் நாங்கள் எல்லாரும் தெருவில்தான்.

கொட்டகையில் எனக்குப் பின்னால், மாடியில், கண்ணாடி வைத்த ஆபீஸ். புதிதாக வந்த மேனேஜர் டை கட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பார்.

தேர்தல் வந்தது. முதலாளியின் அண்ணன் மறுபடியும் நின்றார். ஒருநாள் தறிகளை நிறுத்திவிட்டு மேனேஜர் எல்லாரையும் கூட்டினார்.

"இது ஒரு குடும்பம் மாதிரி. மனசுல இருக்கறதத் தைரியமா சொல்லுங்க. சொன்னதுக்காக யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்றார்.

தறி ஓடும்போது அந்தக் கிழி கிழிக்கிறவர்கள் எல்லாம் தரையில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டேன்.

"சார், நான் அவருக்கு ஓட்டுப் போட மாட்டேன். போன தடவை ஆஸ்பத்திரி கட்டித் தர்றேன்னு சொல்லித்தான் ஓட்டு வாங்கினார். இன்னிக்கு அந்த இடத்துல அவரோட பெட்ரோல் பங்க் நிக்குது. எங்க அண்ணனைத் தூக்கிட்டு நாங்க அடுத்த ஊருக்கு ஓடினோம். இன்னும் கொஞ்சம் முந்திப் போயிருந்தா அவர் இன்னிக்கு நடந்திருப்பார்."

அண்ணி என் தொடையைக் கிள்ளிய கிள்ளில் கன்றிப்போய்விட்டது. மேனேஜரோ கை தட்டினார்.

"சபாஷ்! இப்படித்தாம்மா பேசணும்."

மறுநாளே வெளியே அனுப்புவார்கள் என்று நினைத்துத் தூக்கமில்லாமல் புரண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அதோடு விட்டாரா? பார்க்கிற போதெல்லாம் "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று மேனேஜர் சிரிக்க ஆரம்பித்தார். பேசினால் திட்டுவார்கள், வேலையை விட்டுத் தூக்குவார்கள், அதெல்லாம் எனக்குப் புரியும். இது என்ன கணக்கு?

சில நாள் கழித்து என் தறியைச் சரிபார்க்க பிட்டர் வந்தார். மொட்டைத்தலை, சாது, அதிர்ந்து பேசாத ஆள். எனக்கு எதிரே நின்று ஸ்பானரைத் திருகிக்கொண்டே வாயசைத்தார்.

"நீ அன்னிக்குச் சொன்னது நூத்துக்கு நூறு சரி. நானும் எதிர்க்கட்சிக்குத்தான் வேலை பாக்கறேன். சாயந்திரமானா வீடு வீடா போறேன். யார்கிட்டயும் சொல்லிடாதே, தாயி."

அந்த வாரமே பிட்டருக்கு வேலை போய்விட்டது. பராமரிப்பு சரியில்லையாம். அடுத்தது பாபின் அக்கா. என் தறிக்கு நூல் கொண்டுவந்து போடுகிறவள், போடும்போது என் எதிரில் நின்று முதலாளி குடும்பத்தை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகிறவள். அவளுக்கும் கணக்கு முடித்துவிட்டார்கள்.

எனக்கே உள்ளே குடைந்தது. என்னிடம் பேசியவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறார்களே, எப்படி? மேஸ்திரி மேல் சந்தேகப்பட்டேன். கூட்டுகிறவள் மேல் சந்தேகப்பட்டேன். கடைசியில், சொல்லவே நாக்கூசுகிறது, அண்ணி மேலேயும் ஒரு பொழுது சந்தேகப்பட்டேன். எனக்கே இப்படி என்றால் மற்றவர்களைக் கேட்க வேண்டுமா? நான் போய்க் குழாயடியில் நின்றால் பேச்சு நின்றது. டீ குடிக்க உட்கார்ந்தால் பெஞ்ச் காலியானது.

"சபையில அவ்வளவு பேசினவளுக்கு மாலை போடாத குறை. ரகசியமா பேசினவங்களுக்கு வேலை போச்சு. யாரு போட்டுக்கொடுத்திருப்பா?" என்று என் காதுபடவே கேட்டார்கள்.

அண்ணி மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒருநாள் நடந்து வரும்போது அவளும் கேட்டாள்: "நீ சொல்லியிருக்க மாட்டே... இல்ல?" அந்த 'இல்ல' என்னைச் சுட்டது.

துணியில் இழை விடுகிறது என்று ஒருநாள் மேனேஜர் என்னை மேலே கூப்பிட்டார். அந்த அறைக்கு நான் போனதே இல்லை. கதவைச் சாத்தியதும் தறிச் சத்தம் அடங்கியது. கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். என் தறி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதற்கு எதிரே அண்ணி முகம், அவளுக்குப் பக்கத்துத் தறிக்காரி முகம், எல்லாம் பளிச்சென்று.

அண்ணி பக்கத்துத் தறிக்காரியிடம் வாயசைத்துக்கொண்டிருந்தாள். "வயித்து வலின்னு முதலாளியோட அண்ணன் கட்டின ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெட்ரோலா டீசலான்னு கேட்டாங்கடி!"

கீழே அவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் மேனேஜரும் குபுக்கென்று சிரித்தார். அதே நொடியில். திரும்பிப் பார்த்தேன். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு போனை எடுத்து நோண்டினார்.

இந்த ஆளுக்கு வாய்ப்பேச்சு தெரியும். என்னிடம் பேச வேண்டும் என்றால் என் எதிரில் நிற்க வேண்டும், என் எதிரில் நின்றால் இந்த நாற்காலிக்கு முகத்தைக் காட்ட வேண்டும். அன்று எனக்குக் கை தட்டி, வேலையிலும் விட்டுவைத்தது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. பட்டாசிடம் வந்து யார் யார் மனதைத் திறக்கிறார்கள் என்று பார்க்கத்தான். பாவி!

"அவங்க உங்க அண்ணிதானே?" என்றார், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஆமா சார்."

"ம்."

அந்த 'ம்' போதும். வீட்டுக்குப் போனதும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அண்ணி சோற்றுக் கரண்டியும் கையுமாக என்னையே பார்த்தாள்.

"காலேஜ் படிச்சவரு, டை கட்டிட்டு வர்றாரு. அவருக்கு நம்ம வாய்ப்பேச்சு எங்கேருந்து வரும்?"

"அவங்கம்மா தறிக்காரியா இருந்திருக்கலாம். எனக்கென்ன தெரியும்? நீங்க சொன்ன ஜோக்குக்கு அந்த ஆளு சிரிச்சதை என் கண்ணால பாத்தேன் அண்ணி!"

"அவருக்குப் பக்கத்துல நீ நின்னே. நீ சொல்லாம அவருக்கு எப்படித் தெரியும்?"

"ஐயோ, என்னை நம்புங்களேன்!"

"நம்பித்தான் ஊர்ப் பேச்செல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டேன். நாளைக்கு உன் எதிர்ல நின்னு இன்னும் நல்லாப் பேசறேன். போய்ச் சொல்லு. எனக்கு வேலை போகட்டும், அப்பவாவது நீ யாருன்னு உங்க அண்ணனுக்குத் தெரியும்."

அண்ணி சொன்னால் செய்கிறவள். பிடிவாதத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். கட்டிலில் அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மாத்திரை, சாப்பாடு, கூரை எல்லாம் நாளைக்கு அவள் வாயசைப்பில் தொங்கின. உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. வேலைக்கு ஆகவில்லை.

"சரி" என்றேன். "நான்தான் சொன்னேன். பிட்டரையும் நான்தான் போட்டுக்கொடுத்தேன், பாபின் அக்காவையும் நான்தான். இனிமே எவ என் எதிர்ல நின்னு வாயைத் திறந்தாலும் மேல போய்ச் சொல்லுவேன். அண்ணின்னும் பாக்க மாட்டேன். வேணும்னா எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க."

இத்தனை நேரம் ஆயிரம் கேள்வி கேட்டவள் இதற்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அண்ணன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சாப்பிடாமல் மாடி ஏறினேன்.

காலையில் சங்கு ஊதுவதற்குள் செய்தி பரவிவிட்டது. தறிகள் ஓடத் தொடங்கியதும் அண்ணி தன் தறியின் அந்தப் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவளைப் பார்த்துப் பக்கத்துத் தறிக்காரி, அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பின்னலும் கொண்டையுமாகத்தான் தெரிந்தது. ஒரு முகமில்லை. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், தோள்கள் அசைந்தன. என்ன பேசினார்கள் என்று எனக்கும் தெரியவில்லை, எனக்குப் பின்னால் மேலே இருக்கிறவனுக்கும் தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் இறங்கி வந்தார். வரிசை வரிசையாக முதுகுகளைப் பார்த்தார். என் எதிரே வந்து நின்று, காதருகில் கத்தாமல், சத்தமே இல்லாமல், உதட்டை அகலமாக அசைத்தார், பிறந்ததிலிருந்து தறிக்கடியில் வளர்ந்தவர் மாதிரி.

"என்ன ஆச்சு இவங்களுக்கு?"

ஒரு எழுத்து பிசகவில்லை. இதோ, இதைத்தானே சொன்னேன்! கொட்டகை நிறைய ஆட்கள், ஒருத்தியாவது பார்க்கக் கூடாதா?

"அண்ணி! திரும்பிப் பாருங்க அண்ணி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

தறிச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.