நுழைந்தார்கள்

சிலுவைப் போர்களைப் பற்றிய ஆவணப்படம் அது. பின்னணிக் குரல் கொடுத்தவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பள்ளிக்கூட வேலையை விட்டுப் பல வருடமாகியும் ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளன். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்காக அவன் பதிவை நிறுத்தினால் டீச்சர் முகம் சுளிக்காமல் காத்திருப்பார்.

"கிறிஸ்தவப் படையினர் நகரை மீட்டார்கள்" என்று வாசித்தார். சில பக்கங்கள் தள்ளி, "முஸ்லிம் படையினர் நகரைக் கைப்பற்றினார்கள்."

அவன் ஹெட்போனைக் கழற்றினான்.

"நீங்க வந்தா மீட்கறது, நாங்க வந்தா பிடிக்கறதா டீச்சர்?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. "நானா எழுதினேன்? அதுல 'நாங்க' எங்கேர்ந்து வந்துச்சு? நீ குதிரையில போனியா?"

"நீங்க மட்டும்? 'மீட்டார்கள்'னு சொன்னப்ப உங்க குரல் நிமிந்துச்சே. போட்டுக் காட்டவா?"

"போடு."

கேட்டார். நிமிர்ந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. வரிக்கு வரி நாக்கு தடுக்கியது. தண்ணீர் குடித்தார், நாற்காலியை முன்னும் பின்னும் இழுத்தார். அவன் தேவையில்லாத குமிழ்களையெல்லாம் திருகிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ரெண்டு இடத்துலயும் 'நுழைந்தார்கள்'னு படிச்சிடவா?"

"படிங்க. ஆனா உள்ள இருந்த ஜனங்க என்ன ஆனாங்கன்னு யாரும் எழுதலியே."

"அதுக்கு நாமதான் படம் எடுக்கணும்."

சிரிக்க நினைத்தார்கள், வரவில்லை.

சாயங்காலம் வந்த தயாரிப்பாளர், மாற்றிப் படித்ததைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சப்புன்னு இருக்கே. போர்னா ஒரு சூடு வேணாமா? எழுதினபடி முதல்ல பதிஞ்சிருப்பீங்களே, அந்தப் பழசையே போடுங்க."

"சூடு வேணும்னா வேற குரலைப் பாத்துக்குங்க சார்" என்றார் டீச்சர்.

தயாரிப்பாளர் ஒலிப்பதிவாளனைப் பார்த்தார்.

"பழசை அழிச்சிட்டேன் சார்."

அழிக்கவில்லை. அது திரையிலேயே இருந்தது. டீச்சருக்கு நன்றாகத் தெரிந்தது. தயாரிப்பாளர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

"நாளைக்கு என்ன இருக்கு?" என்று டீச்சர் பையை எடுத்தார்.

"இன்னும் ரெண்டு முற்றுகை."

"இப்பவே குடு. படிச்சுப் பாத்துட்டு வர்றேன்."

தாள்களை வாங்கிய கையோடு மாடிப்படியிலேயே படிக்கத் தொடங்கிவிட்டார். "கீழ பாத்து இறங்குங்க டீச்சர்!" என்று அவன் கத்தினான். அவர் காதில் விழவில்லை.