குழாய் வெளிச்சம்

அண்ணன் ஸ்பேனரோடு குளியலறைக்குள் நுழைவதைப் பார்த்ததும், கூடத்தில் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த தங்கை எழுந்து ஓடினாள். அதற்குள் அவன் குழாயின் நட்டில் கை வைத்துவிட்டான்.

"விடுண்ணா அதை!"

அம்மா விடியற்காலையில் போய்ச் சேர்ந்திருந்தாள். ஆலையில் தையல் மெஷின்களைப் பழுது பார்த்தே காலம் தள்ளியவள். இதயம் தாங்காது, இனி ஒரு வேலையும் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு இந்தக் குழாய் விளக்கைச் செய்து மாட்டினாள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் நாலு மாடி இறங்கி வரும் வேகத்தில் குழாய்க்குள் ஒரு குட்டிச் சக்கரம் சுற்றும். குழாய் திறந்திருக்கும்வரை கண்ணாடிக்கு மேலே சின்ன பல்பு எரியும். அவ்வளவுதான்.

"வர்றவங்க கைகால் கழுவ வேணாமா? இது அடைச்சு, தண்ணி நூலு மாதிரி வருது."

"மெதுவா கழுவட்டும்."

"மோட்டார் போட்டு ஏத்தின தண்ணிடி. செலவான கரண்ட்ல கால்வாசிகூட திரும்பாது. அம்மாகிட்ட எத்தனை வாட்டி சொன்னேன்!"

"அதுக்கு அம்மா என்ன சொன்னா?"

அண்ணன் நட்டை ஒரு சுற்றுத் திருகினான். 'கணக்கு எனக்கும் தெரியும்டா. தண்ணி சும்மாதானே கீழ விழுது, போற போக்குல ஒரு வேலை செஞ்சுட்டுப் போகட்டுமே' என்றுதான் அம்மா சொல்வாள்.

துக்கம் கேட்க வந்த குடியிருப்புச் சங்கச் செயலாளர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். இந்தக் குழாய்க்காக அம்மாவோடு மல்லுக்கட்டி ஓய்ந்தவர்.

"கழட்டிடுங்க தம்பி. தண்ணி லைன் சங்கத்துது. அம்மா முகத்துக்காகத்தான் இத்தனை நாள் விட்டோம்."

"அம்மா முகம் இன்னும் கூடத்துலதான் சார் இருக்கு" என்றாள் தங்கை. "அங்க போய்ச் சொல்லிப் பாருங்க. சண்டை போட இனிமே நான் இருக்கேன்."

செயலாளர் கூடத்துப் பக்கம் திரும்பாமலே மாடியேறிப் போனார்.

"நட்டு லூஸாயிடுச்சு. ஒழுகுது" என்றான் அண்ணன், அவளைப் பார்க்காமல்.

"இறுக்கு."

அவன் மண்டியிட்டு இறுக்கினான். சட்டைக்கை தொப்பலாக நனைந்தது.

வண்டி வந்தது. அம்மாவைத் தூக்க ஆண்கள் சூழ்ந்தார்கள். "நீ தள்ளிக்கோம்மா" என்று யாரோ சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைமாட்டில் ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கம் அண்ணன் பிடித்தான். வாசல் குறுகலாக இருந்ததால் இருவரும் நெருங்கி நடக்க வேண்டியிருந்தது. அவனுடைய ஈரக்கை அவள் கைமேல் ஒட்டிக்கொண்டே வந்தது.